சிவப்புப் புள்ளி வைத்த பேட்

குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன் நான். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், லாரிக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். பாகம் சரியாக இருந்தால் பச்சைப் புள்ளி, கோளாறு இருந்தால் சிவப்புப் புள்ளி. அதற்கான இரண்டு பெயிண்ட் மார்க்கர்கள் எப்போதும் என் சட்டைப் பையில் இருக்கும். (கல்யாண ஃபோட்டோவிலும் இருக்கின்றன, பட்டுச்சட்டைப் பையில்.) என்னை எவனும் ஏமாற்ற முடியாது என்று ஒரு காலத்தில் நம்பிக்கொண்டிருந்தேன். அது உண்மைதான். அந்த வேலையை நானே பார்த்துக்கொண்டேன்.

அப்போது எனக்கு ட்ரெய்னி காலம் முடிகிற மாதம். பர்மனென்ட் ஆவேனா, ஊருக்கு மூட்டை கட்டுவேனா என்பது மேனேஜர் சபாபதி சார் போடும் ஒரு கையெழுத்தில் இருந்தது. அந்த நேரம் பார்த்து, கம்பெனி ஆண்டு விழா ஷட்டில் போட்டியில் அவர் என்னைத் தன் ஜோடியாகச் சேர்த்துக்கொண்டார். எப்படியோ முட்டி மோதி ஃபைனலுக்கும் வந்துவிட்டோம். ஃபைனல் ஞாயிற்றுக்கிழமை. வியாழக்கிழமை பிராக்டீஸில் என் பேட் சுவரில் பட்டு உடைந்தது. அன்று சாயங்காலத்திலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

புதிது வாங்க வசதி இல்லை. பழசு வாங்கலாம் என்றால், அந்தப் பெரிய ஜப்பான் கம்பெனி பேட்டில் எங்கு பார்த்தாலும் டூப்ளிகேட்தான் என்று ஆளாளுக்குப் பயமுறுத்தினார்கள். கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் ‘போலியைக் கண்டுபிடிப்பது எப்படி’ வீடியோக்களாகப் பார்த்தேன். ஒருவர் ஸ்டிக்கரைப் பார் என்றார், ஒருவர் ஸ்டிக்கரை நம்பாதே என்றார். கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. டாய்லெட்டுக்குப் போனாலும் ஃபோனோடுதான் போனேன். கடைசியில் எல்லாரும் ஒத்துச் சொன்னது ஒன்றே ஒன்று: ஒரிஜினல் ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதுதான் எனக்குக் கைவந்த கலையாயிற்றே! கம்பெனியில் குறையே இல்லாத ஒரு பாகத்தை ‘மாஸ்டர் பீஸ்’ என்று வைத்திருப்போம். மற்றதெல்லாம் அதைப்போல இருந்தால் பாஸ், இல்லாவிட்டால் ரிஜெக்ட். எனக்கு வேண்டிய மாஸ்டர் பீஸ், சபாபதி சாரின் கேபினில் கதவுக்குப் பின்னால் தொங்கியது. சிங்கப்பூரிலிருந்து மாப்பிள்ளை வாங்கி வந்த பேட். வெள்ளிக்கிழமை அவர் சாப்பிடப் போன நேரத்தில், பருமன் அளக்கும் வெர்னியர் காலிப்பரும் சின்னத் தராசும் கையுமாக உள்ளே நுழைந்தேன். தண்டின் பருமன், கைப்பிடி நீளம், எடை, எழுத்தின் ஓரம் என்று பதினான்கு குறிப்பு எடுத்தேன். தண்டில் இருந்த வரிசை எண்ணையும் எழுதிக்கொண்டேன். அதன்மேல் நகத்தை வைத்து ஓட்டினேன். வழுவழு என்று இருந்தது. ஆஹா, என்ன ஃபினிஷிங்!

சனிக்கிழமை காலை கவரைப்பேட்டை ஸ்டேஷனில் டேவிட் அண்ணன் காத்திருந்தார். பக்கத்துக் கம்பெனியில் வெல்டர். முட்டி தேய்ந்துபோய், இனி ஆடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் தன் பேட்டை விற்கிறார். துணிப்பையிலிருந்து அதை எடுத்த விதமே, தூங்குகிற பிள்ளையைத் தூக்குவதுபோல இருந்தது.

நான் பெஞ்சில் வெர்னியரையும் தராசையும் பரப்பினேன்.

“இன்னாபா, பேட்டு வாங்க வந்தியா, நெலத்த அளக்க வந்தியா? டிரெய்ன் வந்துனுகீது.”

“ஒரு நிமிஷம்ணா.”

எடை, மாஸ்டரைவிடக் குறைவு. தண்டு ஒல்லி. எல்லாவற்றுக்கும் மேலாக, வரிசை எண்ணில் நகம் தட்டியது. எங்கள் கம்பெனியில் நகம் தட்டினால் அது கீறல், கீறல் என்றால் ரிஜெக்ட். அதில் மறுபேச்சே கிடையாது.

“அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. இது டூப்ளிகேட்.”

அவர் முகம் சுருங்கிவிட்டது. “நான் பத்து வருசமா இதுலதான் ஆடிக்கினுகீறேன் தம்பி. கடையில பில்லு போட்டு வாங்குனது.”

“உங்கள யாரோ ஏமாத்திட்டாங்கண்ணா” என்றேன், துக்கம் விசாரிக்கும் குரலில். அதோடு விட்டிருக்கலாம். கை சும்மா இருக்குமா? பழக்கதோஷத்தில் சிவப்பு மார்க்கரை எடுத்து, கைப்பிடிக்கு மேலே அழுத்தமாக ஒரு புள்ளி வைத்துவிட்டேன்.

“யோவ்! வாணாம்னா வாணாம்னு சொல்லிட்டுப் போ. பொட்டு இன்னாத்துக்கு வெச்ச?”

அந்தப் பெயிண்ட் அழியாது. அவர் எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார், வேட்டி முனையால் துடைத்துப் பார்த்தார். டிரெய்ன் வந்தது. என்னைத் திட்டிக்கொண்டே ஏறிப் போனார்.

அன்று மதியம் பைபாஸ் ஓரம், பழைய ஹெல்மெட்டும் பேட்டும் விற்கும் ஒரு கடையில் என் பேட் கிடைத்தது. பதினான்கு குறிப்பும் பொருந்தின. எண்ணில் நகம் தட்டவில்லை. அந்த எண்ணேகூட, கடைசி இலக்கம் வரைக்கும் அப்படியே சாருடைய எண்! கடைக்காரர் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு, அங்கேயே பச்சைப் புள்ளி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஃபைனல். எதிரில் மெயின்டனன்ஸ் ஏழுமலை. அவன் சர்வீஸ் போடக் கையைத் தூக்கியபோது கைப்பிடிக்கு மேலே ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. டேவிட் அண்ணனின் பேட்! ‘போலி பேட், இன்று மாட்டினான்’ என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அந்தப் போலி பேட்டிலிருந்து வந்த ஒவ்வொரு ஸ்மாஷும் என் காதோரமாக விசிலடித்துக்கொண்டு போனது.

பத்தொன்பது பத்தொன்பது. பந்து உயரமாக, வாகாக வந்தது. பர்மனென்ட் லெட்டரையே மனதில் வைத்து ஓங்கி அடித்தேன். பந்து என் காலடியில் விழுந்தது. பேட்டின் தலை மட்டும் தனியாகப் பறந்து, வலையைத் தாண்டி, அம்பயரைத் தாண்டி, மேடையில் வைத்திருந்த லட்டுத் தட்டில் போய் உட்கார்ந்தது. என் கையில் வெறும் குச்சி. கூட்டம் சிரித்த சிரிப்பு, பக்கத்துக் கம்பெனி செக்யூரிட்டியை எட்டிப் பார்க்க வைத்தது.

திங்கட்கிழமை சபாபதி சார் கூப்பிட்டார். நின்றபடியே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

“நம்பரும் ஒண்ணா இருந்துச்சா?”

“கடைசி நம்பர் வரைக்கும் சார்.” (அப்போதும் ஒரு பெருமை.)

“ஏம்பா, ரெண்டு ஆளுக்கு ஒரே ஆதார் நம்பர் இருக்குமா?”

எனக்குக் காது சுட்டது. அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். அதன் பின்னால் தொங்கிய பேட்டைப் பார்த்தார்.

“இது டூப்ளிகேட்டுனு எனக்கு மொத நாளே தெரியும். ஒரிஜினல்ல நம்பரைப் பொறிச்சிருப்பான், நகம் தட்டும்; இதுல வெறும் அச்சு. மாப்ள ஆசையா வாங்கியாந்தாரு, பொண்ணு மூஞ்சியப் பாத்துட்டு வாய மூடிக்கினேன். மாஸ்டர் பீஸை செக் பண்ணாம மாஸ்டர்னு எடுத்த பாரு, நீயெல்லாம் ஒரு இன்ஸ்பெக்டர்! இது வெளிய போச்சுனா...” என்று சொல்லியபடியே மேஜையில் இருந்த தாளில் கையெழுத்துப் போட்டார். என் பர்மனென்ட் லெட்டர். அது திறமைக்குக் கிடைத்ததா, என் வாய்க்குப் போட்ட பூட்டா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. (சார் ரிட்டையர் ஆகிவிட்டார். மாப்பிள்ளை தமிழ் படிக்கமாட்டார் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.)

அன்று மதியமே டேவிட் அண்ணனுக்கு ஃபோன் செய்து மன்னிப்புக் கேட்டேன். உண்மையாகவே வெட்கமாக இருந்தது. “வுடுபா” என்றார். “நீ பொட்டு வெச்சதும் நல்லதாத்தான் போச்சு. அன்னிக்கே ஏழுமல வாங்கிக்கினான். அவன் ஆடச்சொல்ல, தூரத்துலருந்தே என் பேட்டு தெரியுது.” அதற்குப் பதில் அவர் என்னைத் திட்டியே இருக்கலாம்.

இதையெல்லாம் கல்யாணமான புதிதில் என் மனைவி கலாவிடம் சொன்னது நான் செய்த அடுத்த தவறு. இன்றும் மணவாள நகர் காய்கறிக் கடையில், கத்தரிக்காயை ஒவ்வொன்றாக எடுத்து, அழுத்தி, திருப்பி, வெளிச்சத்தில் காட்டி, தேறாததை ஒரு பக்கம் ஒதுக்கி வைப்பேன். கலா அதுவரைக்கும் பொறுமையாக நிற்பாள். பிறகு பையை விரித்துக் கடைக்கார அம்மாவிடம் நீட்டுவாள்.

“அக்கா, இவரு வாணாம்னு தள்ளி வெச்சாரே, அதுல ஒரு கிலோ போடு.”