நாலு மில்லிமீட்டர் ஆக்கிரமிப்பு

சாயல்குடி பிர்கா சர்வேயர் வேல்சாமியாகிய எனது இடது சிறுநீரகம், புற்றுநோய் காரணமாக 2005ஆம் வருஷம் நிரந்தரமாக அகற்றப்பட்டது என்பதை இதன்மூலம் சகலருக்கும் தெரியப்படுத்திக்கொள்கிறேன். காலியிடத்துக்கு ஆள் போடவில்லை. மிச்சமிருக்கும் ஒன்றே கூடுதல் பொறுப்பாகப் பார்த்து வருகிறது.

வினை நுரையீரலில் இருந்தது. ஆபரேஷனுக்குப் பின் எடுத்த ஸ்கேனில் அங்கே நாலு மில்லிமீட்டரில் ஒரு சின்னக் கட்டி. ஆறு மாதம் கழித்து வேறொரு சென்டரில் எடுத்தால் ஐந்து என்று எழுதியிருந்தார்கள். முப்பது வருஷமாக மூணடி, நாலடி தகராறுகளைக் காதிலேயே போட்டுக்கொள்ளாத எனக்கு, அந்த ஒரு மில்லிமீட்டரால் சோறு இறங்கவில்லை. என் மனைவி சேதுலட்சுமி ராமேஸ்வரத்தில் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடுவதாக வேண்டிக்கொண்டாள். ஆட வேண்டியவன் நான்.

மதுரை டாக்டரிடம் ஓடினேன்.

"சார், வளந்துருச்சுல்ல? பரவிருச்சா?"

"அளந்த ஆள் வேற, மெஷின் வேற. ஒரு மில்லி முன்னப்பின்ன வரத்தான் செய்யும். கட்டி வளரல."

எங்கேயோ கேட்ட பேச்சாக இருந்தது. யோசித்தால், என் பேச்சுதான். பக்கத்துக் காட்டுக்காரர் எல்லைக்கல்லை நகர்த்தி வரப்பைத் தள்ளுகிறார் என்று பதினோரு வருஷமாக மனுக் கொடுத்து வருபவர் மலையாண்டி. பக்கத்துக் காட்டுக்காரரோ ஒன்றியத்தில் பெரிய புள்ளி. "வெயில்ல அளக்குற சங்கிலி நீளும்யா, அதான் அளவு குறையுது. நிலம் எங்கயும் போகாது" என்று நாற்காலியை விட்டு எழாமலே மலையாண்டியை அனுப்பிவைப்பேன்.

ஆகவே டாக்டரை நான் துளியும் நம்பவில்லை.

"சும்மா ஆறுதலுக்குச் சொல்றீகளா சார்?"

அவர் கோபப்படவில்லை. எழுந்து போய், பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, என் கண் முன்னாலேயே இரண்டையும் அளந்தார். இரண்டும் நாலுதான்.

"அப்படியே நிக்குது. அதான் நல்ல சேதி. ஆறு மாசம் கழிச்சு இதே மெஷின்ல பார்த்துக்குவோம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷம் பாதி, வெட்கம் பாதி. எழுந்து அளந்ததற்காக அந்த மனிதரின் நாற்காலி ஒன்றும் பறிபோய்விடவில்லையே!

மறுநாளே சங்கிலியோடு மலையாண்டியின் காட்டுக்குப் போனேன். டாக்டர் கதையைச் சொல்லிக்கொண்டே, பழைய வரைபடத்தை விரித்து, வேகாத வெயிலில் அளந்தேன்.

"என்ன சார், சங்கிலி நீண்டுருச்சா?"

"இல்ல மலையாண்டி. கல்லுதான் நாலடி உள்ள வந்திருக்கு."

மலையாண்டி கையெடுத்துக் கும்பிட்டார். "அதை அப்படியே எழுதிக் குடுத்துருங்க சார். எம்புட்டு வருசமா அலையுறேன்."

பேனாவைத் திறந்தேன். ஒன்றியத்துக்காரர் முகம் வந்து முன்னால் நின்றது. நான் ஓய்வு பெற இன்னும் ஐந்தே மாதம். கை தானாக எழுதியது: 'மேற்படி வரப்பு நிலையாக உள்ளது. ஆறு மாதம் கழித்து மறு அளவு செய்யலாம்.'

மலையாண்டி எழுத்துக்கூட்டிப் படித்தார். தாளை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒங்க டாக்டரு வீட்டுக்குப் பக்கத்துல எந்தப் பெரிய மனுசரும் இருந்துறக் கூடாதுன்னு சாமிய வேண்டிக்கிறேன் சார்."

அன்றிலிருந்து, டாக்டருக்கு அக்கம்பக்கத்தில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று விசாரித்து வருகிறேன்.