கம்ப்யூட்டருக்கு வாங்கிய ஏசி

"வெள்ளிக்கிழமை பெரிய அதிகாரி வர்றாராம் சார். நம்ம கம்ப்யூட்டர் சும்மா கிடந்தா கழிச்சுக் கட்டிருவாங்களாம்" என்றாள் நீலா, கையில் சுற்றறிக்கையோடு.

ஏசி ஓடிக்கொண்டிருந்த அறையிலேயே லேப் பொறுப்பாளர் ஜெபமணிக்கு வியர்த்தது.

கம்ப்யூட்டர் போனால் அவருக்கு ஒன்றுமில்லை. தொண்ணூறில் வந்தது, எட்டு வருஷத்தில் கிழடு தட்டி, உயிர் வரவே கால் மணி நேரம் எடுக்கும். ஆனால் ஏசி அதன் பெயரில் வாங்கியது. புனேயின் அந்த அரசாங்கப் பரிசோதனைக்கூடத்தில் மனிதர்களுக்கு ஏசி தர விதி இல்லை. இந்த ஏசி வருவதற்கு முந்தைய ஏப்ரலில் ஜெபமணி சூட்டில் மயங்கி விழுந்து, விஷ்ராந்த்வாடி ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்தார். இதுவும் ஏப்ரல்தான்.

"அதுக்கு ஏதாவது வேலை குடுத்துருவோம்மா."

முதலில் சாம்பிள் பதிவேட்டை அதில் ஏற்றினார்கள். ரிசல்ட் கேட்டு ஆள் மாற்றி ஆள் வந்ததில் கதவை மூடவே முடியவில்லை. குளிரெல்லாம் வராந்தாவுக்குப் போனது.

"இது பத்தாது சார். நாள் பூரா ஓடணும்ல?"

"அப்போ அடுப்போட சூட்டை அது குறிச்சுக்கிட்டே இருக்கட்டும்."

சாம்பிள் உலர்த்தும் அடுப்பு அடுத்த அறையில் இருந்தது. வயர் எட்டவில்லை. அடுப்பையே தூக்கி உள்ளே வைத்தார்கள்.

"சார், வெளியில நின்னாத் தேவலை போல இருக்கு."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இரும்மா."

அப்போதும் அவர் மனம் ஆறவில்லை. கேன்டீன் டோக்கனையும் அதிலேயே அச்சடித்துத் தர ஒப்புக்கொண்டார். மதியம் நாற்பது பேர் அடுப்பைச் சுற்றி வரிசையில் நின்றார்கள். ஜெபமணி கைக்குட்டையைப் பிழிந்து பிழிந்து துடைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை அதிகாரி கூட்டத்தை விலக்கிக்கொண்டுதான் உள்ளே வர முடிந்தது.

"இது இல்லாமல் இங்கே ஒரு வேலையும் நடக்காது போலிருக்கிறதே" என்று இந்தியில் வியந்து, ஜெபமணியின் ஈரக் கையைக் குலுக்கினார்.

போன உயிர் திரும்பி வந்தது. அன்று மாலையே ஜெபமணி அடுப்பை வெளியே தள்ளினார், கதவைச் சாத்தினார், ஏசிக்கு நேரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை எலக்ட்ரீஷியன் சுப்பையா ஏணியோடு வந்தார்.

"கொஞ்சம் நகருங்க அண்ணாச்சி. உங்க வேலையைப் பாத்து சாப் குஷியாகி, புது கம்ப்யூட்டர் சாங்ஷன் பண்ணிட்டாரு. அதுக்கு ஏசி வேண்டாமாம்."