நீலமாகிப்போன வெறும் தண்ணீர்

வெறும் தண்ணீர் நீலமாகியிருந்தது.

ஆய்வாளர் குவெட்டைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். சுண்டுவிரல் பருமனுள்ள அந்தச் சதுரக் கண்ணாடிக் குழலில் சுத்தமான தண்ணீரும் கொஞ்சம் மருந்தும் மட்டுமே இருந்தன. தண்ணீரில் பாஸ்பேட் இருந்தால்தான் மருந்து நீலமாகும். எவ்வளவு நீலம் என்று ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் ஒளி பாய்ச்சிப் பார்த்து எண் சொல்லும். அதற்கு முன்னால் வெறும் தண்ணீரைக் காட்டி, பூஜ்ஜியம் என்றால் இதுதான் என்று அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இந்த விஷயத்தில் மனிதர் விடாக்கண்டன். ஆபீஸில் அவருக்குப் பெயரே பூஜ்ஜியம் என்று ஆகிவிட்டது.

"என்னய்யா பூஜ்ஜியம், முடிஞ்சுதா?" மேலாளர் எட்டிப் பார்த்தார்.

அவர் கவலை அவருக்கு. தலைமை ஆய்வகம் எல்லாக் கிளை ஆய்வகங்களுக்கும் பரீட்சையாக ஐந்து புட்டிகளில் தண்ணீர் அனுப்பி, பாஸ்பேட் எவ்வளவு என்று கேட்டிருந்தது. சோதனைக்கு இதையே பயன்படுத்தவும் என்று ஒரு கேன் சுத்தத் தண்ணீரும் கூடவே வந்திருந்தது. சாயங்காலத்துக்குள் முடிவு போக வேண்டும். தப்பானால் ஆய்வகத்துக்குப் பூட்டு, இருவருக்கும் உரக் கிடங்கில் மூட்டை தூக்கும் வேலை.

"குவெட்டுல அழுக்கு போல சார். கழுவிட்டு வர்றேன்."

சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினார். நீலம் இன்னும் கறுத்தது. சோப்பிலேயே பாஸ்பேட் உண்டு என்பது கழுவி முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

சோப்பைப் போக்க அமிலத்தில் ஊறவைத்தார். அமிலத்தைப் போக்கக் கேன் தண்ணீரில் அலசினார். எதற்கு வம்பு என்று அலமாரியிலிருந்த கண்ணாடிச் சாமான் முழுவதையும் அதே தண்ணீரில் அலசிக் கவிழ்த்தார். அத்தனையும் நீலம் காட்டின.

மருந்துதான் கெட்டுவிட்டதோ என்று புதிதாகக் கலக்கினார். உதவுகிறேன் என்று வந்த மேலாளரின் வெள்ளைச் சட்டையில் பாதி கொட்டியது. சட்டையை நன்றாகச் சோப்புப் போட்டுத் துவைத்திருப்பார்கள் போல. சற்று நேரத்தில் கைப்பகுதி பளிச்சென்று நீலமானது.

"போதும்யா உன் ஆராய்ச்சி. பேசாம ஜீரோ பட்டனை அமுக்கு. எதைக் காட்டினாலும் மிஷின் ஜீரோன்னு ஒத்துக்கும்."

அமுக்கினார். ஒத்துக்கொண்டது. ஆனால் புட்டித் தண்ணீரை வைத்தால் ஒவ்வொன்றும் மைனஸில் வந்தது. பாஸ்பேட் இல்லை என்றால்கூடப் பரவாயில்லை, இல்லாததைவிடக் குறைவாக இருந்தது.

"அந்த மைனஸ் கோட்டை விட்டுட்டு எழுது."

அந்த நேரம் பார்த்து வீட்டிலிருந்து போன்.

"சாப்பிட்டீங்களா?" என்றாள் மனைவி.

"கழுவிட்டு இருக்கேன்."

"என்னத்தை?"

"எல்லாத்தையும். கழுவக் கழுவ நீலமாத்தான் வருது."

"வீட்டுல ஒரு டம்ளர் கழுவ ஆளைக் காணோம். எல்லாத்தையும் கழுவினீங்களே, அந்தத் தண்ணியைக் கழுவினீங்களா?"

கிண்டலாகத்தான் கேட்டாள். அவர் போனை வைத்துவிட்டு ஓடினார். ஆய்வகத்திலேயே காய்ச்சி வடித்த தண்ணீரில் குவெட்டைத் திரும்பத் திரும்ப அலசி, அந்தத் தண்ணீரிலேயே மருந்தைக் கலந்தார். நிறமே இல்லை. கேன் தண்ணீரில் கலந்தார். நீலம்.

"சார், கேன்தான் சார் கெட்டது."

மேலாளர் கதவைச் சாத்திக்கொண்டு வந்தார். "தலைமை ஆய்வகத் தண்ணியைக் கெட்டதுன்னு அவங்களுக்கே எழுதுவியா? மூட்டை சுமக்க அவ்வளவு ஆசையா? ஜீரோவை அமுக்கு, நம்ம பொழப்பு நிக்கும்."

விரல் பட்டன்மேல் நின்றது. பயம்தான், பச்சைப் பயம். ஆனாலும் விரல் இறங்க மறுத்தது.

"நீலத்தைப் பூஜ்ஜியம்னு சொல்ல எனக்கு வாய் வராது சார்."

சொந்தத் தண்ணீரை வைத்து ஐந்தையும் அளந்தார். உங்கள் கேனில் பாஸ்பேட் இருக்கிறது, அதனால் அதைப் பயன்படுத்தவில்லை என்று கீழே எழுதினார்.

"கையெழுத்து நீயே போடு," என்றார் மேலாளர். "நான் இன்னைக்கு லீவு."

மறுவாரம் தலைமை ஆய்வகத்தின் வேன் வாசலில் வந்து நின்றது. பூட்டோடுதான் வந்திருக்கிறார்கள் என்று மேலாளர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். வேன் ஓட்டுநர் சிரித்தபடி இறங்கி வந்தார்.

"அந்த ஆய்வாளர் யாருங்க? கையைக் குடுங்க சார். இத்தனை ஆய்வகத்துல நீங்க ஒருத்தர்தான் பாஸ். மத்தவங்க எல்லாம் இங்க வந்து உங்ககிட்ட கத்துக்கணுமாம்."

பூஜ்ஜியத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவ்வளவு சந்தோஷம் அவர் பட்டதில்லை. முதலில் மனைவிக்குச் சொல்ல வேண்டும் என்று போனைத் தேடினார்.

"நான்தான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன், ஜீரோவை அமுக்காதேன்னு," என்றார் மேலாளர், நாற்காலியை விட்டுவிட்டு. "ஆமா, அஞ்சு புட்டியும் அவ்வளவு துல்லியமாவா வந்திருந்துச்சு?"

"புட்டியை யாரு சார் பார்த்தா, அது எங்க ஆபீஸ் குழாய்த் தண்ணி," என்றார் ஓட்டுநர். "பரீட்சையே அந்தக் கேன்தான், எங்க டைரக்டரம்மா சொல்லி அதுல உரத்தைப் போட்டுக் கலக்கினதே நான்தானே."