முன்பக்கம் மட்டுமே உள்ள மலை

காட்டை வீட்டுக்குள் கொண்டுவருகிறவர் என்றொரு இனம் உண்டு. பார்த்திருப்பீர்கள். வாசல் முருங்கை பட்டுப்போனால் திரும்பியும் பார்க்கமாட்டார். கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு பிடி பாசி பழுத்துவிட்டால் ஆபீசுக்கு லீவு சொல்வார். கொல்லையில் ஓணான் ஓடினால் கல்லெடுப்பார். அதே ஓணானுக்கு ஓர் ஆங்கிலப் பெயரும் நல்ல விலையும் இருந்துவிட்டால் மடியில் போட்டுக் கொஞ்சுவார். வாயைத் திறந்தால் இயற்கை. ஆள் நல்லவர்தான். அதுதான் கஷ்டம்.

தூத்துக்குடியில் இந்த இனத்துக்குக் கிளாட்வின் என்று பெயர். கப்பல் ஏஜென்ட் ஆபீசில் வேலை. அவர் வீட்டு முன்னறையில், சென்னையிலிருந்து வாங்கிவந்த வெளிநாட்டுப் பல்லி ஒன்று இருந்தது. மஞ்சள் உடம்பு, கறுப்புப் புள்ளி, விரல் தடிமனில் வால், எதையோ நினைத்துச் சிரித்துக்கொண்டே இருப்பது போன்ற முகம். கேப்டன் என்று பெயர் வைத்திருந்தார். ஆப்கானிஸ்தானம் பக்கம் கல்லும் முள்ளுமாய்க் காய்ந்து கிடக்கிற மலைகளில் வாழும் வகை அது.

“அதோட மலைய அப்படியே இங்கன எறக்கிருதேன் பாரு” என்றார் கிளாட்வின்.

“வீட்டுப் பல்லிய நான் வாரியலால வெரட்டுதேன். இதுக்கு மலை கேக்குதோ?” என்றாள் மனைவி விஜிலா.

கேட்கத்தான் செய்தது. அந்த மலைகளின் படங்களைக் கைப்பேசியில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். பாறை வெடிப்பின் நிழல் எந்தப் பக்கம் சாய்கிறதென்று மீன் ஆய்ந்துகொண்டிருந்த விஜிலாவைக் கூப்பிட்டுக் கேட்டார். ஞாயிறு பூசை முடிந்த கையோடு குலசேகரன்பட்டினம் பக்கத்துத் தேரிக்குப் போய்ச் செம்மணலைச் சாக்கில் அள்ளிவந்தார். உடைமுள் வெட்டப்போய்க் கையைக் கிழித்துக்கொண்டார். பிறகு சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தொட்டி முன்னால் உட்கார்ந்தார்.

இங்கேதான் ஒரு சங்கதி. கிளாட்வினின் கைகளுக்குத் தெரிந்த மலை ஒன்றே ஒன்றுதான். டிசம்பர் வந்தால் பங்குக் கோவிலின் குடில் போட்டியில் முதல் பரிசை வேறெவருக்கும் விட்டுக்கொடுக்காத கைகள் அவை. பழுப்புத் தாளைப் பசையில் நனைத்துக் கசக்கி மலை எழுப்புவது, முகம்பார்க்கும் கண்ணாடியை மணலில் புதைத்துக் குளமாக்குவது, கேழ்வரகை முளைக்கவைத்துப் புல்வெளி விரிப்பது, எல்லாவற்றுக்கும் நடுவில், எல்லா வெளிச்சமும் வந்து விழுகிற இடத்தில், பாலன் இயேசுவைக் கிடத்துவது. கண் ஆப்கானிஸ்தானத்தைப் பார்த்தது. கை பெத்லகேமைக் கட்டியது.

பாலன் இடத்தில் கேப்டன்.

தெருவே வந்து பார்த்தது. எதிர்வீட்டு மளிகைக்கடை வெள்ளத்துரை அண்ணாச்சி குனிந்து, கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தார்.

“ஏ தம்பி, பாலனப் பாக்க மூணு ராசாக்கமாரு இன்னும் வந்து சேரலியோ?”

“இது பாலைவன மலை அண்ணாச்சி!”

“அவுகளும் பாலைவனம் வழியாத்தானே வந்தாக?”

எல்லாரும் சிரித்தார்கள். கேப்டன் மட்டும் சாப்பிடவில்லை.

புழு வைத்தார், தொடவில்லை. வெட்டுக்கிளி விட்டார், வெட்டுக்கிளிதான் மலையைச் சுற்றிப் பார்த்தது. இந்தப் பல்லிக்கு வால்தான் சோற்றுப்பானை. தின்ற கொழுப்பையெல்லாம் அதில்தான் சேர்த்துவைக்கும். விரல் தடிமனில் இருந்த வால் பென்சிலாயிற்று. பிறகு பென்சிலும் சீவித் தேய்ந்தது. கிளாட்வினுக்கும் சோறு இறங்கவில்லை. அயிலை மீன் குழம்பைத் தள்ளிவைத்துவிட்டுத் தொட்டிமுன் உட்கார்ந்து, “ஒரு வாய் தின்னுரு ராசா” என்று கெஞ்சினார்.

அவருக்குத் தோன்றிய வைத்தியம் என்ன தெரியுமா? இன்னும் கொஞ்சம் இயற்கை. பாறையைக் கூட்டினார். விளக்கைக் கூட்டினார். கம்பியில் ஒரு நிலாவைத் தொங்கவிட்டார். ஒளிந்துகொள்ள ஓர் இண்டு இடுக்கு? அதெப்படி! ஒளிந்துகொண்டால் வருகிறவர்கள் எதைப் பார்ப்பார்கள்? பாலனைப் பாறைக்குப் பின்னால் வைத்தவனுக்கு எந்த ஊரில் பரிசு கொடுத்தார்கள்?

ஒரு சாயங்காலம் வேலைவிட்டு வந்து பார்த்தால் பாலன் இடம் காலி. நிலாக் கம்பி இடித்ததில் மேல்மூடி சரியாகப் பொருந்தாமல் இருந்திருக்கிறது. கேப்டன் மலையேறி, நிலாவைப் பிடித்து, உலகத்துக்குள் இறங்கிப் போய்விட்டது.

“ஏளா விஜிலா! கேப்டனக் காணும்!”

சோபாவைப் புரட்டினார்கள். அரிசி டின்னைக் கவிழ்த்தார்கள். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிற அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டார். மறுநாளும் இல்லை. “பூனை தின்னுருக்கும்” என்று சொல்ல வாயெடுத்த அண்ணாச்சி, கிளாட்வின் முகத்தைப் பார்த்ததும் கடைக்குத் திரும்பிவிட்டார்.

அதற்கு மறுநாள் விஜிலா வாரியலோடு வந்தாள்.

“வாரியல வைளா! அடிச்சிராத!”

“கூட்டதுக்குத்தான் எடுத்தேன். நகருங்க.”

தொட்டியை லேசாக இழுத்தாள். தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு கையகல இடுக்கு. விளக்குகளின் வயர்ச் சுருள், ஒட்டடை, விழுந்து கிடந்த பழைய பேப்பர், வெதுவெதுப்பான ஓர் இருட்டு. அந்தப் பேப்பரடியில் கேப்டன். வாயோரத்தில் ஒரு கரப்பான்பூச்சிக் கால் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

“தின்னுது!” கிளாட்வின் தரையோடு குனிந்தார். “ஏளா, தின்னுது!”

“பின்ன? ஒங்க அம்மை எதுக்க ஒக்காந்து தட்டையே பாத்துகிட்டிருந்தா எனக்கு மட்டும் சோறு எறங்கிச்சா?”

கிளாட்வினுக்குப் புரிந்தது. சத்தியமாகப் புரிந்தது. அன்றைக்கே மலையைப் பிரித்தார். வயர் சுருண்ட விதம், பேப்பர் மடிந்த கோணம் எல்லாவற்றையும் முழங்காலிட்டுப் பார்த்து அந்த இடுக்கைத் தொட்டிக்குள் அப்படியே எழுப்பினார். வயருக்குப் பதில் வேர். பேப்பருக்குப் பதில் தட்டைக் கல். முன்பக்கக் கண்ணாடிக்குக் கறுப்புத் தாள் ஒட்டினார். ஒட்டடைக்காக அண்ணாச்சி சரக்கு அடுக்கிவைக்கும் கிட்டங்கிக்கே போய்வந்தார். கேப்டன் உள்ளே போய்ப் படுத்தது. மறுபடி புழு தின்றது. வால் தேறத் தொடங்கியது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி வந்து குனிந்தார்.

“எங்கப்பா பல்லி?”

“உள்ள இருக்கு அண்ணாச்சி.”

“ஒண்ணும் தெரியலியே?”

கிளாட்வின் நெளிந்தார். கை காதுமடலைச் சொறிந்தது, சட்டைப்பையைத் தடவியது, கைப்பேசியை எடுத்தது, கறுப்புத் தாளின் ஒரு மூலையை லேசாக நெம்பியது. “ஒரே ஒரு நிமிசம்... டார்ச்சு மட்டும் அடிச்சு...”

“வையுங்க அத!” என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. விஜிலாவுக்குச் சுவர் வழியாகவும் கண் தெரியும்.

தாள் மூலை மறுபடி ஒட்டிக்கொண்டது. அண்ணாச்சி முகம் தொங்கிப்போய் நடையைக் கட்டினார். உள்ளே எதையோ கேப்டன் மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்டது.

ஆமாம், ஒரே ஒரு நிமிடம் வெளிச்சம் அடித்தால் என்ன குறைந்துவிடும், எட்டிப் பார்த்துவிடலாமே என்று உங்களுக்கும் தோன்றியதா? தோன்றியிருக்கும். இப்போதுகூடக் கழுத்து கொஞ்சம் முன்னால் நீண்டிருக்கிறதே!