எருமையின் கணக்கு முடியவில்லை

ஒரு காட்டில் சிங்கத்தைவிடச் சத்தமாக உறுமும் கம்ப்யூட்டர் ஒன்று வந்து இறங்கியது. எல்லா ஆராய்ச்சிக்கும் பொது. வரிசையில் நின்று கணக்கை ஏற்ற வேண்டும். கம்ப்யூட்டருக்குச் சூடு ஆகாது என்று அதை வைத்த குகைக்கு ஏசியும் போட்டார்கள். காட்டுக்கே ஒரே ஏசி அதுதான்.

தூக்கணாங்குருவி பாதி பின்னிய கூட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தது. போன வருஷம் ஆடிக்காற்றில் கூடு அறுந்து, முட்டையெல்லாம் குளத்தில் போயின. "எந்த மரம் தாங்கும்னு கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுச் சொல்லட்டும், அப்புறம் முட்டை விடறேன்" என்று மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள். ஆடி மாதமோ பிறக்கப் போகிறது.

உள்ளே எருமையின் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. எந்தச் சேறு அதிகக் குளிர்ச்சி என்ற ஆராய்ச்சி. கணக்கு முடிந்தால் குகையை விட்டு வெளியேற வேண்டும் என்பது விதி. அதனால் முடிகிற சமயம் பார்த்து எருமை இன்னொரு குட்டையைச் சேர்த்துவிடும்.

"அண்ணே, கொஞ்சம் விட்டுக்கொடுங்க. என் குடும்பமே போயிடும்."

"ஆராய்ச்சியில அவசரப்படக் கூடாது தம்பி" என்றது எருமை, அசைபோட்டபடி. "காத்து ஜில்லுனு வருதில்ல? உக்காரு."

குருவி உட்கார்ந்து அழுதது. வரிசையில் மரங்கொத்தியும் நீர்நாயும் இருந்தன. ஒன்று மரவியல், இன்னொன்று நீரியல். அதுவரை முகம் கொடுத்துப் பேசியதே இல்லை. எருமை நகராததால் இப்போது வேறு பொழுதுபோக்கும் இல்லை.

"கூடு எங்கப்பா கட்டினே?" என்று கேட்டது மரங்கொத்தி.

"கிழக்குக் கரை கருவேலத்துல."

"அய்யோ, அது உள்ளே வெறும் பொக்கு. நான் கொத்திப் பார்த்திருக்கேன்."

"அங்கேதான் ஆடியில அலையும் அடிக்கும்" என்றது நீர்நாய். "மேற்கு மூலையில தண்ணி அசையவே அசையாது."

"அங்கே நிக்கிற ஈச்சமரமா? கல்லு மாதிரி கெட்டி!" என்றது மரங்கொத்தி.

குருவி பறந்தது. மனைவியிடம் கம்ப்யூட்டர் சொன்னதாகவே சொன்னது. ஆடிக்காற்றில் கருவேலம் விழுந்தது. ஈச்சமரத்தில் கட்டிய புதுக் கூடு ஆடியது, அறுந்து விழவில்லை. உள்ளே குஞ்சுகள் கத்திய கத்தலில் குருவிக்கு ஆனந்தம் தாங்கவில்லை.

"விடை எங்கே கிடைத்தது?" என்றார், சேதி கேட்டுக் கூட்டைப் பார்க்க வந்த சிங்கராஜா.

"கம்ப்யூட்டர் குகையில் மகாராஜா" என்றது குருவி. பொய்யில்லை.

ராஜா பூரித்துப்போய் இன்னொரு கம்ப்யூட்டருக்கு உத்தரவிட்டார். முதல் கம்ப்யூட்டரில் இன்னும் சேறுதான் ஓடுகிறது.

நீதி: அறிவியல் வளரக் கம்ப்யூட்டர் மட்டும் வாங்கினால் போதாது, அதை யாருக்கும் விடாத ஓர் எருமையும் வேண்டும்.