டைரக்டரம்மா மழையில் நின்ற கதை

ஒரு காட்டில் ஒரு மேலாண்மைக் கல்லூரி இருந்தது. எந்தக் காடு என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்டவர்களுக்கெல்லாம் "அட்மிஷன் போட்டாச்சா சார்?" என்று இன்றுவரை போன் வந்துகொண்டே இருக்கிறது. அந்தக் கல்லூரியின் டைரக்டர் மேகவல்லி என்கிற எருமை.

எருமைக்கு எப்படி இந்தப் பதவி என்கிறீர்களா? முந்தைய டைரக்டர் ஒரு குதிரை. காட்டில் தொழிலெல்லாம் படுத்துவிட்டது. படித்து முடித்த பிள்ளைகள் வேலை கிடைக்காமல் திரும்பி வந்து கல்லூரி வாசலிலேயே மேய ஆரம்பித்தன. குதிரை, "சொந்தக் காரணங்களுக்காக" என்று சொல்லிவிட்டு ஒரே ஓட்டமாக ஓடிவிட்டது. அடுத்தது யார் என்று முடிவு செய்யக் கூட்டம் போட்டார்கள். பேராசிரியர்கள் ஒவ்வொருவராகப் போனைக் காதில் வைத்துக்கொண்டு நைசாக நழுவினார்கள். மேகவல்லி, கூட்டத்தில் கொடுத்த கடலைப் புண்ணாக்கை ரசித்து மென்றுகொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தால் அறையில் அதுவும் சேர்மன் ஊளையப்பனும்தான்.

ஊளையப்பன் ஒரு நரி. "வாழ்த்துகள் மேடம்," என்றது. "இந்த வருஷம் சீட்டெல்லாம் நிரம்பணும். நிரம்பலைன்னா ரொம்ப சிம்பிள். கல்யாண மண்டபம் ஆக்கிடுவேன். ஹால் இருக்கு, பார்க்கிங் இருக்கு. சமையல்கட்டுக்கு உங்க ரூம் கச்சிதமா இருக்கும்."

மேகவல்லியின் வாயிலிருந்த புண்ணாக்கு கீழே விழுந்தது. காட்டில் யாருக்குக் கோபம் வந்தாலும், யாரைத் திட்டினாலும், "ஏய் எருமை" என்றுதான் திட்டுவார்கள். அதை "மேடம்" என்று கூப்பிட்ட ஒரே இடம் அந்தக் கல்லூரி. அந்த இடத்தில் சாம்பார் கொதிப்பதை நினைத்தாலே அதற்கு அழுகை வந்தது.

உடனே போய், வியூகம் சொல்லிக்கொடுக்கும் பேராசிரியர் பச்சைநாதன் என்கிற கிளியைப் பிடித்தது.

"பேராசிரியரே, என்ன செய்யலாம்?"

"ஸ்ட்ராட்டஜி வேணும் மேடம்!"

"என்ன ஸ்ட்ராட்டஜி?"

"நல்ல ஸ்ட்ராட்டஜி!"

சரிதான் போ என்று மேகவல்லி தானே ஒரு முடிவுக்கு வந்தது. பெற்றோர்களை அழைத்து, பந்தல் போட்டு, மேடை ஏறி ஒரு பேச்சுப் பேசிவிடுவது. ஒரு வாரம் மனப்பாடம் செய்தது.

பெற்றோர்கள் வந்தார்கள். ஆடுகள், மான்கள், முயல்கள், நல்ல கூட்டம். மேகவல்லி மேடை ஏறி, "பெருமதிப்பிற்குரிய..." என்று ஆரம்பித்தது. அவ்வளவுதான், மீதிப் பேச்சு மறந்தே போய்விட்டது. அதே நேரம் பிடித்தது பாருங்கள் ஒரு மழை! பந்தல் பொத்தென்று விழுந்தது. கூட்டம் அலறியடித்து வராண்டாவுக்கு ஓடியது.

'ஓடுடி, நீயும் ஓடு,' என்று மேகவல்லியின் மனசு கத்தியது. பயத்தில் கால் நகரவே இல்லை. அப்படியே நின்றது. பதற்றத்தில் வாய் தானாக அசைபோட ஆரம்பித்தது. முதுகில் மழை விழுவது வேறு சுகமாக இருந்தது. கல்லூரி கவிழப்போகிற நேரத்தில் இப்படி ஒரு சுகமா என்று அதற்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

வராண்டாவிலிருந்து ஒரு தாய் ஆடு கத்தியது. "என்னம்மா, போன வருஷம் படிச்சதுகளுக்கு வேலையே கிடைக்கலையாமே? பதில் சொல்லுங்க!"

மேகவல்லி மென்றது.

"உங்களைத்தான் கேக்கறோம்! காது கேக்குதா இல்லையா?"

மேகவல்லி மென்றுகொண்டே இருந்தது.

பச்சைநாதன் ஜன்னல் விளிம்பில் தாவி ஏறிக் கத்தியது. "பாத்தீங்களா! இதுதான் நெருக்கடி காலத் தலைமை! மேலே மழை, கீழே சேறு, எதிரே கேள்வி. அசையறாங்களா பாருங்க! கேள்வியைக்கூட அசைபோட்டுத்தான் முழுங்குவாங்க! இது ரெண்டு வருஷப் படிப்பு!"

தாய் ஆடு குரலை இறக்கிக் கேட்டது. "என் பொண்ணு சிமிழி தும்மல் சத்தத்துக்கே ஓடிடுவா. அவளுக்கும் இப்படி நிக்கச் சொல்லித் தருவீங்களா?"

மழை விடுவதற்குள் சீட்டெல்லாம் நிரம்பிவிட்டன.

மேகவல்லிக்கு நம்பவே முடியவில்லை. தனக்குத் தெரிந்த ஒரே வித்தையை உட்கார்ந்து, இல்லை இல்லை, நின்று சொல்லிக்கொடுத்தது. முதல் வருஷம் நிற்பது. அடுத்த வருஷம் மெல்வது. கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு காதை மூடுவது சிறப்புப் பாடம். படித்து வந்த பிள்ளைகளைக் காட்டு ஆபீஸ்கள் போட்டி போட்டுக்கொண்டு தூக்கிச் சென்று, புகார் கவுன்டர்களில் உட்காரவைத்தன. சண்டை பிடிக்க வந்தவர்கள் தொண்டை கட்டித் திரும்பிப் போனார்கள். தங்கப் பதக்கம் சிமிழிக்கு. காட்டின் தலைமை அலுவலகத்திலேயே வேலை.

ஒரு நாள் ஊளையப்பன் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு வந்தது. "மேடம், உங்களால ஏரியாவுக்கே பேர் வந்திருச்சு! இப்போ இங்க மண்டபம் வச்சா புக்கிங் பிச்சுக்கும். ஆவணி முகூர்த்தம் பூரா இப்பவே புக் ஆயாச்சு. பெஞ்சையெல்லாம் நாளைக்கே எடுத்திருங்க."

மேகவல்லி வாழ்க்கையில் முதன்முறையாக ஓடியது. அது ஓடுவதைப் பார்க்க மற்ற மிருகங்களெல்லாம் நின்றுவிட்டன. மூச்சு வாங்கத் தலைமை அலுவலகத்துப் புகார் கவுன்டரில் போய் முட்டியது.

"சிமிழி! நல்லவேளை நீ இருக்கே! நம்ம காலேஜை மண்டபம் ஆக்கப் போறாங்கடி! எப்படியாவது நிறுத்தும்மா!"

சிமிழி மென்றது.

"நான்தான்டி, உன் டீச்சர்!"

சிமிழி பார்த்துக்கொண்டே மென்றது.

மேகவல்லி கெஞ்சியது, கத்தியது, கொம்பால் பலகையைத் தட்டியது, கடைசியில் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதது. சிமிழியின் காது மடல்கூட அசையவில்லை. முதுகு நேர். கண் பாதி திறந்திருக்கிறது. தாடை இடமிருந்து வலம், ஒரே சீராக. மேகவல்லி மூக்கை உறிஞ்சிக்கொண்டு அதையே வெகுநேரம் பார்த்தது.

"அடிப்பாவி," என்றது விசும்பலோடு. "ஒரு மார்க் கூடக் குறைக்க முடியலையேடி!"

நீதி: பிள்ளைகளுக்கு நன்றாகப் பாடம் நடத்துங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் புகார் கொடுக்கப் போகும்போது, நீங்கள் பாடம் நடத்தாத பிள்ளை எந்தக் கவுன்டரில் இருக்கிறது என்று பார்த்துப் போங்கள்.