கட்டிலுக்கடியில் தெர்மாகோல்

உங்கள் தெருவிலும் இந்த இனத்தில் ஒருவராவது இருப்பார். ஊரார் குப்பை என்று தள்ளுவதைக் கண்டால் இவருக்குக் கை பரபரக்கும். வைக்கோலைக் கண்டால் நிற்பார், சோளத்தட்டையைக் கண்டால் தொட்டுப் பார்ப்பார், உமி மூட்டையைக் கண்டால் முகர்ந்தே பார்த்து, கடைசியில் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றி வீட்டுக்கே கொண்டுவந்துவிடுவார். யாருக்காக? உலகத்துக்காக.

நம்மவர் தையற்காரர். கோட்டுத் துணி வெட்டும் கத்தரியால் வைக்கோலை நறுக்கி, வேகவைத்து, சிப்பிக்காளான் விதை கலந்து, அச்சில் அடைத்துக் கட்டிலுக்கடியில் வைத்தார். காளானின் இழை வேர்போல வெள்ளை நூலாய்ப் பரவி வைக்கோலை இறுக்கிப் பிடிக்கும். பிறகு அடுப்பில் நன்றாக உலர்த்தினால் காளான் முளைப்பது நின்று தெர்மாகோல் போலவே இருக்கும், மண்ணில் போட்டால் மக்கியும்விடும்.

"என் கோட்டு என்னாச்சு?" என்பார் வாடிக்கைக்காரர்.

"அது கிடக்கட்டும், இதை அழுத்திப் பாருங்க."

மனைவி மண்பாண்டம் செய்பவள். வெகுகாலம் பேச்சு நின்றுபோயிருந்த அக்காவுக்குச் சமாதானமாக ஒரு தேநீர்க் கெண்டி செய்து சுட்டிருந்தாள். அதைப் பார்சல் கட்டும் பொறுப்பைத் தையற்காரர் கேட்காமலே ஏற்றுக்கொண்டார்.

"என்னங்க, இது உடைஞ்சா அக்கா இனி ஜென்மத்துக்கும் பேசமாட்டா."

"முட்டையை உள்ள வெச்சு மாடியிலேருந்து போட்டுப் பாத்துட்டேன். கடைசி முட்டை உடையவே இல்ல."

உலர்த்தத்தான் பொறுமையில்லை. பாதி ஈரத்திலேயே கட்டி அனுப்பிவிட்டார். வழியில் மழை வேறு.

அக்காவிடமிருந்து போன் வந்தது. மனைவி ஒலிபெருக்கியைப் போட்டாள். தையற்காரர் தைத்த இடத்திலேயே மறுபடி தைத்துக்கொண்டிருந்தார்.

"ஏண்டி, பெட்டிக்குள்ள ஒரு தோட்டமே இருக்கு. உன் வீட்டுக்காரர் கட்டினதா?"

"ஆமாக்கா," என்றாள் தங்கை, குரல் உள்ளே போக. "கெண்டி?"

"அதுக்கென்ன, மூக்குல ஒரு கீறல்கூட இல்ல. காளானை வதக்கிச் சாப்பிடலாமான்னு அவரைக் கேளு."

"சாப்பிடலாம்," என்றார் தையற்காரர் ஈனஸ்வரத்தில். "ஆனா அது திங்கறதுக்குப் பண்ணினது இல்ல."

"அப்ப அடுத்த தடவை கெண்டி வேணாம்டி. பெட்டியை மட்டும் அனுப்பு."

அக்காவும் தங்கையும் சேர்ந்து சிரித்த சிரிப்பில் உலகத்தைக் காப்பது பற்றி அவர் மேற்கொண்டு சொன்ன எதுவும் யார் காதிலும் விழவில்லை.

நீங்களும் சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் புது மிக்ஸி வந்த அட்டைப்பெட்டியை, 'எதுக்காவது ஆகும்' என்று பரண்மேல் ஏற்றியது யார்? அதைத் தூக்கிப்போட வீட்டில் ஒருவர் கை நீட்டியபோது, உங்களுக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது?